ஓ.பி. சீட்டும் ஒரு விசாதான்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான். இன்னிக்கும் ஏதாவது மொக்கை போட்டுட்டுப் போயிடலாம்னுதான் உக்காந்தேன். ஆனா போன வாரம் பாத்த ஒரு ஃபைல் மண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கு. எழுதித் தீத்துடறேன். கொஞ்சம் நீளமான பதிவு, டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

எங்க டீம்ல ஒரு நண்பன், அவனும் பாண்டிக்காரன். அவங்கப்பாவுக்கு உடம்பு சரியில்ல. பிரான்ஸ்ல ஒரு ஆஸ்பத்திரியில காட்டலாம்னு அங்க இருக்கிற சொந்தக்காரங்க ஏற்பாடு பண்ணியிருக்காங்க. விசாவுக்குக் கொடுக்க வேண்டிய காகிதத்தை எல்லாம் அடுக்கி, "எதாவது விட்டுப் போயிருக்கான்னு ஒரு தடவை பாருடா"ன்னு என்கிட்ட நீட்டினான்.

உள்ள என்ன இருந்துதுன்னா, இங்க பாக்கிற டாக்டர் எழுதின சான்றிதழ். அந்த ஊர் ஆஸ்பத்திரி "இவருக்கு இந்த வைத்தியம் தேவை, நாங்க பாக்கறோம்"னு எழுதின கடிதம். எவ்வளவு செலவாகும்னு அவங்க போட்ட கணக்கு. அந்தப் பணம் கையில இருக்குன்னு காட்ட பேங்க் ஸ்டேட்மென்ட். கூடப் போறவர் யாரு, என்ன உறவு. எங்க தங்குவாங்க. கட்டாயம் திரும்பி வந்துடுவாங்கன்னு நம்ப வைக்க வீட்டுப் பத்திரம், பென்ஷன் புத்தகம். இது போதாதுன்னு 30,000 யூரோவுக்குக் குறையாத பயண மருத்துவக் காப்பீடு. இதுல பெரிய காமெடி அந்தக் காப்பீடுதான். போற இடத்துல திடீர்னு வர்ற நோய்க்குத்தான் அது பணம் கொடுக்கும். எந்த நோய்க்காக மனுஷன் போறாரோ, அதுக்கு சல்லிக்காசு கிடையாது. ஆனா அது இல்லாம விசாவும் கிடையாது!

ஃபைலை மூடினதும் எனக்கு பிரான்ஸ் ஞாபகம் வரலீங்க. 2020ல எங்க ஆயா மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்த மஞ்சப்பைதான் ஞாபகம் வந்துச்சு. (எங்க பக்கம் ஆயான்னா பாட்டி. வெளியூர் மக்கள் குழம்ப வேண்டாம்.)

மஞ்சப்பைக்குள் ஒரு எல்லை

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

ஆயா இருந்தது கண்டமங்கலம் பக்கத்துல ஒரு கிராமம். பாண்டி வரைபடத்தைப் பாத்திருக்கீங்களா? கண்ணாடி கீழ விழுந்து சிதறின மாதிரி துண்டு துண்டா இருக்கும். விழுப்புரம் ரோட்டுல போனீங்கன்னா வில்லியனூர் புதுச்சேரி. அடுத்து வர்ற கண்டமங்கலம் தமிழ்நாடு. அதைத் தாண்டினா திருபுவனை, மதகடிப்பட்டு, திரும்பவும் புதுச்சேரி. அப்புறம் வளவனூர், மறுபடி தமிழ்நாடு. பஸ்ல தூங்கி முழிச்சா எந்த ஊர்ல இருக்கோம்னு சாராயக் கடையை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். ரெண்டு தலைமுறையா யாரும் இந்தக் கோட்டைப் பெருசா எடுத்துக்கிட்டதே இல்ல.

ஆயாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. வாரம் ரெண்டு நாள் பாண்டியில டயாலிசிஸ். ஒரு நாள் விட்டா கால் வீங்கும், ரெண்டு நாள் விட்டா மூச்சு வாங்கும். அந்த நேரத்துல வந்தது 2020 மார்ச் 25 ஊரடங்கு. புதுச்சேரி தன்னோட எல்லையை மூடிச்சு. தமிழ்நாட்டுப் பக்கம் இ-பாஸ் எடுக்கணும்னாங்க. அந்த இணையதளத்துல மூணே மூணு காரணம்தான் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? கல்யாணம், சாவு, அவசர மருத்துவம். மனுஷன் நகர்றதுக்கு அரசாங்கம் ஒத்துக்கற காரணம் கடைசியில இந்த மூணுதான் போல.

நான் அப்ப வேலைக்குச் சேந்து ஒரு வருஷம் கூட ஆகல. வீட்டுலேர்ந்தே வேலை. தெரிஞ்சவர் காரை வாங்கிக்கிட்டு ஆயாவைக் கூட்டிட்டு வரப் போனேன். வழியில தடுப்பு, நாலஞ்சு போலீஸ்.

"எந்த ஆஸ்பத்திரிம்மா? சீட்டு இருக்கா?"

ஆயா மஞ்சப்பையிலேர்ந்து ஓ.பி. சீட்டை எடுத்துக் கொடுத்தாங்க. மடிச்சு மடிச்சு நாலா கிழியற நிலைமை. தேதி பழசு.

"கூட யாரு? ஒருத்தர்தான் போகலாம். எப்ப திரும்புவீங்க?"

"சாயந்திரம் வந்துடுவோம் சார்"னேன். ஆதார்ல தமிழ்நாட்டு விலாசம், சீட்டுல பழைய தேதி, இது செல்லாதுன்னாரு. ரோட்டோரம் ஒரு புளியமரத்தடியில ஒன்றரை மணி நேரம். எனக்கு வயித்துல புளியைக் கரைக்குது. ஆயா அலட்டிக்கவே இல்ல.

"வெள்ளக்காரன் இருந்தப்பவும் இதே கததான்டா தம்பி. எங்கப்பாரை வண்டியில படுக்க வெச்சு பாண்டி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனாங்க. சாவடியில நிறுத்தி மூட்டைய அவுருன்னான். படுத்துக்கினு கீறவருக்குக் கீழ வைக்கோலைக் கூட கிளறிப் பாத்தான்."

ஆயா சொன்ன கணக்கை வெச்சுப் பாத்தா அது 1952 இல்ல 53. அவங்களுக்கு அப்ப பன்னெண்டு, பதிமூணு வயசு. நாங்க நின்னுக்கிட்டு இருந்த அதே ரோடு.

கடைசியில ஒரு பெரியவர், அதிகாரியா இருக்கணும், வந்து ஆயாவோட கையில இருந்த ஊசி போடற இடத்தைப் பாத்தாரு. ஒண்ணும் பேசல, கையைக் காட்டி விடச் சொன்னாரு. மூணாவது வாரத்துக்கு அப்புறம் சீட்டே கேக்கல, "வாம்மா"ன்னு விட்டுட்டாங்க.

அந்தக் கதையைத் துரத்திக்கிட்டுப் போனதுல நான் படிச்சதுதான் மீதிப் பதிவு.

பாஸ்போர்ட்டுக்கு முன்னாடி டாக்டர் சீட்டு

முதல்ல என்னை ஆச்சரியப்படுத்தினது இதுதான். ஒரு காலத்துல நாடு விட்டு நாடு போக பெரும்பாலும் பாஸ்போர்ட் தேவைப்படல. முதல் உலகப் போருக்கு அப்புறம்தான் அது உலகம் முழுக்க நிலைச்சுது. இந்தியாவுல பாஸ்போர்ட் சட்டம் வந்ததே 1920ல. ஆனா அதுக்கு முன்னாடியே ஒரு காகிதம் கேட்டாங்க. உடம்பு நல்லா இருக்குன்னு டாக்டர் கொடுக்கிற சீட்டு.

காரணம் பிளேக். 1896ல பம்பாயில பிளேக் பரவினதும் மத்த நாடுகள் இந்தியக் கப்பல்னாலே பயப்பட ஆரம்பிச்சுது. 1897ல வெனிஸ்ல நாடுகள் கூடி பிளேக்குக்காகவே ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. அதே வருஷம்தான் இங்க தொற்றுநோய்ச் சட்டம் வந்துது. (ஆமாங்க, 2020ல நம்ம மேல பாய்ஞ்ச அதே 1897 சட்டம்தான்!) கப்பல் ஏறணும்னா துறைமுக டாக்டர் பாக்கணும், சீட்டு கொடுக்கணும்.

பாண்டி வரலாற்றுலயே இதுக்கு ஒரு அருமையான உதாரணம் இருக்கு. 1910ல அரவிந்தர் பிரிட்டிஷ் போலீஸ் கண்ணுல படாம கல்கத்தாவுலேர்ந்து புதுச்சேரி வந்த கதை உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். பேரை மாத்தி, கொழும்புக்கு டிக்கெட் எடுத்து, "தூப்ளே"ங்கற பிரெஞ்சுக் கப்பல்ல ஏறணும். எல்லாம் தயார். ஆனா துறைமுகத்துக்கு வந்து சேர லேட்டாயிடுச்சு, டாக்டர் வீட்டுக்குப் போயிட்டாரு. சான்றிதழ் இல்லாம ஏற முடியாது. ராத்திரியில டாக்டர் வீட்டைத் தேடிப் போய், காத்திருந்து, சான்றிதழ் வாங்கிட்டு வந்து ஏறினாங்க. அரவிந்தர் பேசின இங்கிலீஷைக் கேட்டு அந்த வெள்ளைக்கார டாக்டர் ஆச்சரியப்பட்டாராம். 1910 ஏப்ரல் 4ம் தேதி பாண்டியில இறங்கினாங்க. ஒரு பேரரசோட உளவுத்துறை மொத்தமும் தேடின மனுஷன் கிட்டத்தட்ட மாட்டிக்கப் பாத்தது ஒரு டாக்டர் சீட்டுக்காக!

வந்த அடுத்த வருஷமே இன்னொரு காகிதம். பிரிட்டிஷ்காரங்க கொடுத்த நெருக்கடியில 1911ல பிரெஞ்சு அரசாங்கம் புதுசா வந்த வெளியாட்களைப் பதிவு பண்ணச் சொல்லுச்சு. உள்ளூர்ல கௌரவ மாஜிஸ்திரேட்டா இருக்கிற அஞ்சு பேர் "இவர் யோக்கியர்"னு கையெழுத்துப் போடணும். அரவிந்தருக்கு முதல்ல வீடு கொடுத்த கலவை சங்கர செட்டியார்தான் அலைஞ்சு அந்தக் கையெழுத்துகளை வாங்கிக் கொடுத்தாரு. இப்ப விசாவுக்கு "அழைப்புக் கடிதம்"னு கேக்கறாங்களே, அதோட தாத்தா இது.

இவங்க எல்லாம் பெரிய மனுஷங்க. கூலி வேலைக்கு இலங்கை போன தமிழர்களுக்கு ராமநாதபுரம் மாவட்டத்துல மண்டபம் முகாம் இருந்துச்சு. இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணுல நடத்தின முகாம் அது. தோட்ட வேலைக்குப் போறவங்களை அங்க நிறுத்தி, பரிசோதிச்சு, சில நாள் வெச்சிருந்துதான் தனுஷ்கோடி பக்கம் அனுப்புவாங்க. சங்கர செட்டியார் மாதிரி அலையறதுக்கு ஆள் இல்லாதவனுக்கு உடம்புதான் சீட்டு. உடம்பு தேறினா கப்பல், இல்லேன்னா ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஆக, எல்லையில முதல்ல கேட்ட கேள்வி "நீ யாரு?" இல்ல. "உனக்கு என்ன நோய்?"ங்கறதுதான். இதை மனசுல வெச்சுக்கங்க. பின்னாடி கேள்வி அப்படியே தலைகீழா மாறும்.

ஆயா சொன்ன சாவடி

இப்ப புளியமரத்தடிக்கு வரலாம். ஆயா சொன்ன சாவடி உண்மையா?

உண்மைதான். பிரெஞ்சுக்காரங்க புதுச்சேரியில மருத்துவப் பள்ளி ஆரம்பிச்சது 1823ல. அதனால சுத்துப்பட்டு கிராமத்துக்காரங்களுக்கு, அது பிரிட்டிஷ் கிராமமோ பிரெஞ்சு கிராமமோ, பெரிய நோய்னா பாண்டிதான். மாட்டு வண்டிக்கு எல்லை தெரியாது. 1941ல ரெண்டு தரப்பும் ஒரு சுங்க ஒப்பந்தம் போட்டு எல்லையை இன்னும் லேசாக்கினாங்க.

1947ல இந்தியா விடுதலை ஆச்சு. பாண்டி ஆகல. 1949ல அந்த சுங்க ஒப்பந்தம் முடிஞ்சு போச்சு. அன்னிலேர்ந்து துண்டு துண்டா கிடந்த ஒவ்வொரு பிரெஞ்சு கிராமத்தைச் சுத்தியும் இந்திய சுங்கக் காவல். நான் மேல சொன்ன கண்டமங்கலம் ரோட்டை நினைச்சுப் பாருங்க. பதினஞ்சு இருபது மைலுக்குள்ள நாடு விட்டு நாடு ரெண்டு மூணு தடவை போகணும். பிரெஞ்சுப் பகுதி வழியா தங்கமும் கைக்கடிகாரமும் கடத்தல்ல வருதுன்னு கெடுபிடி. அந்த ரோட்டுல நோயாளியை ஏத்திக்கிட்டு வர்ற வண்டியும் அவனுக்குக் கடத்தல் வண்டிதான். வைக்கோலைக் கிளறத்தான் செய்வான்.

1954ல நிலைமை முத்திப் போச்சு. மார்ச்ல முதலியார்பேட்டை உட்பட பல கொம்யூன்கள் இந்தியாவோட சேரணும்னு தீர்மானம் போட்டுது. நெட்டப்பாக்கத்துல தனி அரசாங்கமே அறிவிச்சாங்க. இந்தியா பொருளாதார முற்றுகையை இறுக்குச்சு. அந்த வருஷம் அக்டோபர் 18ல கீழூர்ல நடந்த வாக்கெடுப்புல 178 பிரதிநிதிகள்ல 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1ம் தேதி நிர்வாகம் கை மாறுச்சு. சாவடிக்கும் வேலை போச்சு.

இந்த வரலாற்றை எழுதினவங்க எல்லாம் கவர்னர், தலைவர், ஒப்பந்தம், சுடப்பட்ட தொண்டர்கள்னு எழுதியிருக்காங்க. சரிதான், எழுத வேண்டியதுதான். ஆனா அந்த அஞ்சு வருஷம் பிரசவ வலி வந்த பொண்ணும், பாம்பு கடிச்ச ஆளும் சாவடியை எப்படித் தாண்டினாங்கன்னு நான் படிச்சதுல எங்கயுமே இல்ல.

ஒரு கையெழுத்து, ரெண்டு தலைவிதி

இப்ப என் நண்பனோட ஃபைலுக்கு வர்றேன். அவன் போகணும்னு சொல்ற சொந்தக்காரங்க யாரு தெரியுமா? அவன் தாத்தாவோட கூடப் பிறந்த அண்ணன் குடும்பம்.

புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தது 1954ல இல்ல. 1956 மே 28ல ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதுக்கு ஒப்புதல் கொடுத்து முழுசா நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. அன்னிலேர்ந்து இங்க பிறந்து இங்கயே வாழ்ந்தவங்க தானாகவே இந்தியக் குடிமக்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேணும்னா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும். அப்பா எழுதிக் கொடுத்தா சின்னப் பிள்ளைகளுக்கும் சேத்து.

அண்ணன் பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவரு. எங்க ஊர் பாஷையில சொல்தா. எழுதிக் கொடுத்துட்டாரு. தம்பி "நமக்கெதுக்கு அந்த வம்பு"ன்னு விட்டுட்டாரு. ஒரே வீடு, ஒரே திண்ணை. இன்னிக்கு அண்ணன் பேரன் டிக்கெட் போட்டா பாரீஸ். தம்பி மகன் போகணும்னா மேல சொன்ன மொத்த ஃபைலும் வேணும். அதுலயும் சாதாரண விசான்னா 180 நாள்ல 90 நாள்தான் இருக்கலாம். வைத்தியம் அதுக்குள்ள முடியணும்.

இந்த இடத்துல எங்க ஊர்ல பல பேர் நம்பற ஒரு விஷயத்தையும் சொல்லிடறேன். "பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தா அங்க வைத்தியம் ஓசி"ம்பாங்க. அப்படி இல்லீங்க. பிரான்ஸ்ல மருத்துவக் காப்பீடு குடியுரிமையைப் பாக்கறதில்ல, அங்க வசிக்கிறீங்களான்னுதான் பாக்குது. வேலையோ பென்ஷனோ இல்லாதவர்னா மூணு மாசமாவது அங்க நிலையா வசிச்சிருக்கணும். அதனால பாண்டியிலயே இருக்கிற பிரெஞ்சுக் குடிமகன் திடீர்னு போய் இறங்கினா கதவு திறக்கும், ஆனா பில்லை யாரோ கட்டணும். பாஸ்போர்ட் வேற, பணம் வேற. 1962ல போட்ட கையெழுத்து கொடுத்தது முதலாவதை மட்டும்தான்.

அங்க போனோம், இங்க வந்தாங்க

சரி, தமிழ்நாட்டுல என்ன நிலைமை? வெளிநாட்டுல வைத்தியம்னா நமக்கு உடனே ரெண்டு பேர் ஞாபகம் வருவாங்க. 1968 செப்டம்பர்ல அண்ணா நியூயார்க் போனாரு, புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை. 1984 நவம்பர் 5ம் தேதி எம்.ஜி.ஆர். புரூக்ளின் போனாரு. அங்க படுக்கையில இருந்தபடியே ஆண்டிப்பட்டியில ஜெயிச்சாரு.

சாதாரண ஆளுக்கு? அண்ணா போறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி வரைக்கும் பாஸ்போர்ட்டுங்கறதே அரசாங்கம் இஷ்டப்பட்டா கொடுக்கிற சலுகை. 1967 ஏப்ரல்ல சத்வந்த் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம்தான் வெளிநாடு போறது தனிமனித சுதந்திரத்துல சேர்ந்ததுன்னு சொல்லுச்சு. அதுக்கப்புறம் அவசர அவசரமா ஜூன்ல பாஸ்போர்ட் சட்டம் வந்துது. சரி, பாஸ்போர்ட் கிடைச்சாச்சு, டாலர்? அதுக்கு ரிசர்வ் வங்கி தயவு வேணும். 1979ல ஒரு நோயாளி இதய அறுவை சிகிச்சைக்கு அமெரிக்கா போகப் பணம் புரட்ட முடியாம இறந்துட்டாரு, அதைப் பாத்துத்தான் இங்கயே ஆஸ்பத்திரி கட்டணும்னு தோணுச்சுன்னு டாக்டர் பிரதாப் ரெட்டி பல தடவை சொல்லியிருக்காரு. சென்னை அப்பல்லோ திறந்தது 1983ல.

அப்புறம் காத்து திசை மாறிடுச்சு. அவங்க இங்க வர ஆரம்பிச்சாங்க. வேலூர் சி.எம்.சி. பக்கம் போய்ப் பாருங்க, லாட்ஜ் போர்டெல்லாம் வங்காளத்துல இருக்கும். 2005ல இந்தியா வைத்தியத்துக்குன்னே தனி விசா கொண்டு வந்துது. நோயாளிக்கு ஒரு விசா, கூட வர்ற நெருங்கின உறவு ரெண்டு பேர் வரைக்கும் தனி விசா. 2017லேர்ந்து பல நாட்டுக்காரங்க இணையத்துலயே வாங்கலாம். அறுபது நாள், மூணு தடவை உள்ள வரலாம்.

நம்ம ஆளுங்க கேக்கற காகிதம் என்ன? எந்த ஆஸ்பத்திரி, அவங்க கடிதம். யார் பணம். கூட யாரு. எப்ப திரும்புவ. பிரான்ஸ் கேக்கற அதே நாலு கேள்வி. புளியமரத்தடியில அந்தப் போலீஸ்காரர் கேட்டது இதுல மூணு! (பணத்தை மட்டும் கேக்கல. நல்ல மனுஷன்.) 1910ல "நோய் இல்லைன்னு காட்டு"ன்னு கேட்ட எல்லை, இப்ப "நோய் இருக்குன்னு காட்டு"ன்னு கேக்குது. ஒரு நூறு வருஷத்துல கண்டிஷனை அப்படியே திருப்பிப் போட்டுட்டாங்க. நம்ம தொழில் பாஷையில சொன்னா, ஃபார்ம் அதேதான், வேலிடேஷன் மட்டும் தலைகீழ்.

சீட்டு இருந்தும்

நாலு கேள்விக்கும் பதில் இருந்தா விட்டுடுவாங்களா? அதுவும் இல்ல.

2010 ஏப்ரல் 16ம் தேதி ராத்திரி மலேசியாவுலேர்ந்து சென்னைக்கு வந்த விமானத்துல பார்வதி அம்மாள் இருந்தாங்க. பிரபாகரனோட அம்மா, எண்பது வயசு, பக்கவாதம். கையில ஆறு மாச இந்திய விசா. வைத்தியத்துக்குத்தான் வந்தாங்க. மகன் பண்ண அரசியல் பத்தி உங்களுக்கு எந்தக் கருத்து வேணா இருக்கட்டும், அந்தச் சண்டைக்கு நான் வரல. விமானத்தை விட்டு இறங்க விடாம அதே விமானத்துல திருப்பி அனுப்பினாங்க. 2003லயே அவங்க பேர் தடைப் பட்டியல்ல இருந்துச்சுன்னு காரணம் சொன்னாங்க. ஒரு அலுவலகம் விசா கொடுத்துது, இன்னொரு பட்டியல் அதை செல்லாததாக்குச்சு. அப்புறம் நிபந்தனையோட வரலாம்னு சொன்னப்போ அவங்க வரல. 2011 பிப்ரவரி 20ல வல்வெட்டித்துறை ஆஸ்பத்திரியில இறந்து போனாங்க.

இன்னும் கிட்டத்துல பாருங்க. 2025 ஏப்ரல் 22 பஹல்காம் படுகொலைக்கு அப்புறம் பாகிஸ்தான்காரங்களுக்குக் கொடுத்த விசாக்களை இந்தியா ரத்து பண்ணிச்சு. மத்த விசாவுக்கு ஏப்ரல் 27 கடைசி. மருத்துவ விசாவுக்கு ரெண்டு நாள் சலுகை, 29ம் தேதி. கொன்னவங்க மேல கோவம் எனக்கும் உண்டு. இருந்தாலும் அந்த ரெண்டு நாளை நினைச்சுப் பாத்தேன். நோயாளிங்கறதுக்காக ஒரு அரசாங்கம் தர்ற தனி மரியாதை ரெண்டு நாள். ஆயாவுக்கு ரெண்டு நாள் டயாலிசிஸ் விட்டா மூச்சு வாங்கும்னு மேல எழுதினேனே, அந்த ரெண்டு நாள்.

நாட்டுக்கு எல்லை வேணாம்னு நான் சொல்ல வரல. யார் வர்றாங்க, எதுக்கு வர்றாங்கன்னு கேக்கத்தான் வேணும். நான் பாத்த வரைக்கும் விஷயம் இவ்வளவுதான். சீட்டு எல்லா ஊர்லயும் ஒண்ணு, கேள்வியும் ஒண்ணு. வித்தியாசம் பண்றது அதைக் கையில வாங்கிப் பாக்கற ஆள். சாவடியில வைக்கோலைக் கிளறினவனும் சட்டப்படிதான் பண்ணான். சீட்டை விட்டுட்டு ஆயாவோட கையைப் பாத்த பெரியவரும் சட்டத்தை மீறல. சட்டத்துல கொஞ்சம் இடம் இருந்துச்சு, அந்த இடத்துல ஒரு மனுஷன் இருந்தாரு. இடமே இல்லாம எழுதின சட்டத்துல, பட்டியல்ல பேர் இருக்கா இல்லையாங்கறதோட முடிஞ்சு போகுது. கம்ப்யூட்டர்ல கோடு எழுதற எனக்கு இது கொஞ்சம் உறுத்துது. நாளைக்கு இந்த விசா ஃபார்மை எழுதற டீம்ல நானே இருக்கலாம். "மற்றவை"ன்னு ஒரு கட்டம் வைக்கணுமா வேணாமான்னு யாரோ ஒருத்தன் ஒரு மீட்டிங்ல அஞ்சு நிமிஷத்துல முடிவு பண்ணியிருப்பான்.

நண்பன் ஃபைல்ல ஒரு குறை இருந்துச்சு. ஆஸ்பத்திரி கடிதத்துல அவங்கப்பா பேர்ல ஒரு எழுத்து பாஸ்போர்ட்டோட ஒத்துப் போகல. மாத்தி அனுப்பச் சொல்லியிருக்கான். வந்ததும் போடுவான். நல்லபடியா நடக்கணும்.

ஆயா இப்ப இல்ல. 2021ல போயிட்டாங்க, தூக்கத்துலயே. மஞ்சப்பையை அம்மா பீரோவுல வெச்சிருக்காங்க, அந்த ஓ.பி. சீட்டோட. எனக்கு இருக்கிற ஒரே வருத்தம், அன்னிக்கு ஒன்றரை மணி நேரம் புளியமரத்தடியில சும்மா உக்காந்திருந்தும் நான் போனை நோண்டிக்கிட்டு இருந்தேன். அவங்கப்பாவுக்கு என்ன நோய்? சாவடியில என்ன காட்டினாங்க? விட்டாங்களா, திருப்பி அனுப்பினாங்களா? உயிரோட திரும்பி வந்தாரா? ஒண்ணுமே கேக்கல. அம்மாவுக்கும் தெரியல.

பாண்டி, காரைக்கால், கடலூர், விழுப்புரம் பக்கத்து மக்களே, உங்க வீட்டுல எண்பதைத் தாண்டின பெருசுங்க யாராவது இருந்தா இந்த வாரமே கேளுங்க. சாவடியை எப்படித் தாண்டினாங்க, உடம்பு சரியில்லாதவங்களை எப்படிக் கூட்டிட்டுப் போனாங்கன்னு கேளுங்க. ரெண்டு வரியா இருந்தாலும் பின்னூட்டத்துல போடுங்க, இல்ல உங்க பக்கத்துலயே பதிவா எழுதிட்டு எனக்கு ஒரு குரல் கொடுங்க. கவர்னர் கதை எல்லாம் புத்தகத்துல பத்திரமா இருக்கு. நம்ம ஆளுங்க கதை மஞ்சப்பையோட போயிடும்.

டிஸ்கி: ஃபைல்ல இருந்த காகிதப் பட்டியலைப் பாத்துட்டு யாரும் அதை அப்படியே நம்பி விசாவுக்குப் போயிடாதீங்க. விதி அடிக்கடி மாறும், தூதரகத்துல கேட்டுக்கங்க. அப்புறம் இன்னொண்ணு, வீட்டுல யாராவது வைத்தியத்துல இருந்தா ஓ.பி. சீட்டை எல்லாம் ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. எந்த ரோட்டுல யார் எப்ப கேப்பாங்கன்னு சொல்ல முடியாது.